விலைக்கு வாங்கிய காற்று

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரையரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் விறகை விழுங்கும் அடுப்பு. மறு பக்கம் தட்டுத் தட்டாக ஊர்ந்து போகும் தேயிலை. உள்ளே நுழையும்போது செம்பு நிறம், வெளியே வந்து விழும்போது கறுப்பு. சுமார் இருபது நிமிடத்தில் நிறமாற்றம் முடிந்துவிடும். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி விரலால் நெருடி மூக்கருகே கொண்டுபோவார். பேச்சு இல்லை, தலையசைப்புத்தான். அடுப்பில் நிற்பவர் அதைப் பார்த்தே விறகைக் கூட்டுவார், குறைப்பார். மார்கழிப் பனியில் இரவு வேலைக்குப் பேர் விழுந்தவர்களில் டிரையர் பக்கம் நிற்கக் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

இந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது சூடான காற்று, வேறொன்றுமில்லை. ஆனால் அந்தக் காற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் கதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அசாம் பக்கத்துக் கச்சார், பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பட்டறை, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம், டைட்டானிக் கப்பல், ஜப்பான்காரர் வீட்டுச் சமையலறை எல்லாம் வழியில் வருகின்றன. முறையாகச் சொல்வதென்றால் இயந்திரத்துக்கு ஆயிரம் வருடம் முந்தி, பதுளை இருக்கும் ஊவாவின் சொந்தக் காற்றிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் மோதி ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு மலைமுகட்டைத் தாண்டும். தாண்டும்போது அதனிடம் ஈரம் இருக்காது. அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, எல்ல போன்ற இடைவெளிகளில் பிதுங்கி, கீழே இறங்க இறங்கச் சூடேறி, உலர்ந்த காற்றாக ஊவாவுக்குள் பாயும். கிழக்கிலங்கையில் இதைக் கச்சான் என்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இதன் ராஜ்ஜியம்தான். அப்புத்தளை பஜாரில் குடை பிடித்து நடக்க நினைப்பவர் குடையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டிவரும்.

இந்தக் காற்றை முதலில் வேலைக்கு வைத்தவர்கள் இரும்பு உருக்கியவர்கள். ஊவா எல்லைக்கு அருகே, பலாங்கொடையிலிருந்து கிழக்கே வரும் வழியில் சமனலவெவ இருக்கிறது. அங்கே அணை கட்டி நீரில் மூழ்கடிப்பதற்கு முன், 1990களின் தொடக்கத்தில், ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் அந்தக் குன்றுகளை அலசினார். மேற்கு நோக்கிய முகடுகளின் விளிம்பில் உலைகள் வரிசையாக அகப்பட்டன. ஒன்றிரண்டல்ல, எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள். பெரும்பாலானவை 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. எல்லாமே காற்று வந்து மோதும் திசையைப் பார்த்து நின்றன. துருத்தி ஊதிய அடையாளம் இல்லை.

துருத்தி இல்லாமல் இரும்பு உருகுமா என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். காற்று ஒரு நாள் வீசும், மறு நாள் வீசாது. அதை நம்பி யார் உலை கட்டுவார்கள்? ஜூலெஃப் அம்மையார் வாதாடிக்கொண்டிருக்காமல் அதே இடத்தில், அதே மாதிரி ஓர் உலையை மண்ணால் கட்டிப் பருவக்காற்றுக் காலத்தில் மூட்டிப் பார்த்தார். முன்சுவரில் வரிசையாகக் களிமண் குழாய்கள். காற்று சுவருக்கு மேலே ஏறித் தாண்டும்போது சுவரின் பின்னால் ஒரு வெற்றிடம்போல் உண்டாகி, குழாய்கள் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உலைக்குள் அதன் போக்கு ஏறத்தாழச் சீராகவே இருந்தது. கிடைத்தது வெறும் இரும்பல்ல, உயர்தர எஃகு. 1996இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானபோது உலகம் சற்றுத் திரும்பிப் பார்த்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற தத்துவஞானி வாள்களைப் பற்றி எழுதியபோது ‘சரந்தீப்’ வாள்களையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்றால் இலங்கை. அரபு வணிகர்கள் வாங்கிப்போன அந்த எஃகில் இந்த மலைக்காற்றுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

அதன் பிறகு நீண்ட காலத்துக்கு ஊவாவின் காற்று சும்மாதான் அடித்தது. கரையோரத்து உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றிவந்த தவளக்காரர்களின் தலைப்பாகையைப் பறித்ததைத் தவிரப் பெரிய வேலை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் கோப்பியோடு வந்தார்கள். காடு வெட்டி, மலை மலையாகக் கோப்பி நட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே வந்தவர்கள். எத்தனையோ பேர் வந்து சேரவில்லை.

1869இல் காற்று மறுபடி கைவரிசையைக் காட்டியது. பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருப்பதை ஒருவர் கவனித்தார். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் த்வெய்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சையியல் நிபுணர் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்குப் ‘பாழாக்குவது’ என்று பொருள். பெயர் வைத்தவருக்கு ஜோசியம் தெரிந்திருக்கிறது. 1880இல் இதை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் கோப்பித் தோட்டத்தில் கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டார். காற்றில் மிதந்துவந்த நோய்த் துகள்கள் அவற்றில் வந்து ஒட்டின. ஒரே பயிரைத் தொடர்ச்சியாக மலை முழுக்க நட்டு, நோய்க்கு நாமே பாதை போட்டுவிட்டோம் என்றார். அவர் சொன்னபோது காரியம் கைமீறிவிட்டது. இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பி ஏறக்குறைய அழிந்தது. அந்த நோய் பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா என்று உலாவி 1970இல் பிரேசிலைத் தொட்டது. உலகக் கோப்பிக்காரர்களின் நித்திரையைக் கெடுத்த அந்தத் துரு தோட்டங்களில் முதன்முதலில் பதிவானது நம்முடைய மடுல்சீமையில் என்பதில் பெருமைப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அதே 1869இல்தான் சூயஸ் கால்வாயும் திறந்தது. அது இந்தக் கதைக்குள் பின்னால் நிலக்கரியோடு வரும்.

கோப்பி போன இடத்துக்குத் தேயிலை வந்தது. கண்டிக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் அதை நட்டிருந்தார். அவருடைய தொழிற்சாலை அவருடைய பங்களாதான். விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்துக் கையாலேயே உருட்டினார்கள். கரி அடுப்பின் மேல் கம்பித் தட்டு வைத்துக் காய வைத்தார்கள். சீனாக்காரர்களிடமிருந்து அசாமுக்கு வந்து, அசாமிலிருந்து இங்கு வந்த முறை அது. தேயிலைக்கு மணம் வருவதே கரிப்புகையால்தான் என்று அந்தக் காலத்தில் உறுதியாக நம்பியவர்கள் ஏராளம். ஆகவே மரத்தை வெட்டு, கரியாக்கு, கரியை எரி என்று மூன்று வேலை.

இந்த நம்பிக்கையை உடைத்தவர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். அயர்லாந்தில் 1846இல் பிறந்தவர். 1864இல், மீசை முளைக்கும் வயதில், அசாமை ஒட்டிய கச்சாரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பார்த்த தயாரிப்பு முறை அவருக்குப் பிடிக்கவில்லை. கையால் உருட்டுவதும் காலால் மிதிப்பதும் கரிப்புகையில் இருமுவதுமாக இருந்தது. தேயிலைக்கு வேண்டியது புகையா, வெறும் உலர்ந்த சூடா என்று கேட்டு, சூடுதான் என்று முடிவுக்கு வந்தார். அடுப்பை ஒரு பக்கம் வைத்து, காற்றை அதன் இரும்புக் குழாய்களைச் சுற்றி வரச் செய்து சூடாக்கி, புகை சேராத அந்தக் காற்றைத் தேயிலைத் தட்டுகளுக்குள் விட்டார். எந்த விறகும் போதும், கரி வேண்டாம்.

சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வீசும் வெப்பக்காற்றுக்கு சிராக்கோ என்று பெயர். டேவிட்சன் அதையே தன் இயந்திரத்துக்குச் சூட்டினார். ஊர் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்டில் சிராக்கோ என்ஜினியரிங் வேர்க்ஸ் என்று ஒரு சிறு பட்டறையைத் திறந்தார். ஒரு தேயிலைச் செடிகூட வளராத நகரம் உலகத் தேயிலைக்கு அடுப்பு செய்து கொடுக்கத் தொடங்கியது.

போட்டிக்கு ஆள் இல்லாமலா? வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரும் அசாமில் இதே யோசனையோடு திரிந்தார். அவருடைய கவனம் முதலில் உருட்டும் இயந்திரத்தில் இருந்தது. 1872இல் ஹீலீக்கா தோட்டத்தில் அதை நிறுவினார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பிரம்மபுத்திராவில் அவர் வந்த படகு மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டதாம். பொழுது போகாமல் கரையில் இறங்கி நடந்தவர், அங்கே நின்ற ஒரு நீராவி என்ஜினில் ‘மார்ஷல், கெய்ன்ஸ்பரோ’ என்ற எழுத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாராம். பிறகு இங்கிலாந்து போனதும் நேரே அந்தக் கம்பெனியின் கதவைத் தட்டினார். மார்ஷல் கம்பெனி அன்றிலிருந்து ஜாக்சனின் உருளைகளையும் டிரையர்களையும் செய்து தள்ளியது. படகு தட்டாமல் இருந்திருந்தால் நம் தொழிற்சாலைகளில் பாதி இயந்திரங்களில் வேறு பெயர் இருந்திருக்கும். தனக்கு முன்பே உருட்டு இயந்திரம் செய்ததாகச் சொன்ன கின்மண்ட் என்பவரோடு ஜாக்சனுக்குக் கல்கத்தாவில் வழக்கும் நடந்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று வக்கீல்கள் வாதாட, தோட்டக்காரர்கள் இருவரிடமும் வாங்கினார்கள்.

இலங்கையிலும் கைகட்டி இருக்கவில்லை. கண்டியில் 1854இல் தொடங்கிய ஜோன் வாக்கரின் பட்டறை கோப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரத்தில் பேரெடுத்தது. கோப்பி செத்ததும் பட்டறையை மூடவில்லை. அதே கொல்லர்கள் தேயிலை இயந்திரத்துக்கு மாறினார்கள். ஹட்டனில் 1875இல் தொடங்கிய பிரவுன் கம்பெனி, கொழும்புக் கமர்ஷியல் கம்பெனி எல்லாம் இந்த வரிசைதான். சீமைச் சாமானைப் பழுது பார்ப்பவன் கொஞ்ச நாளில் அதைப் போலவே ஒன்று செய்யக் கற்றுக்கொள்வான். இது தேயிலைக்கு மட்டும் உரிய விஷயமல்ல.

ஊவாவுக்கு இயந்திரம் வந்து சேர்வது ஒரு தனிப் பாடு. ரயில் பாதை 1885இல் நானுஓயாவோடு நின்றுவிட்டது. அப்புத்தளைக்கு 1893இல் வந்தது, பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. அதுவரை கரத்தைதான். வார்ப்பிரும்புத் துண்டுகள் மாட்டுக் கரத்தையில் வளைவு வளைவாக ஏறின. கரத்தை ஏற முடியாத இடத்தில் ஆள் ஏறினான்.

இந்த இடைவெளியில் 1890இல் ஒருவர் கொழும்பில் இறங்கினார். ஆஸ்திரேலியாவுக்கு ஓய்வெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து, பிரித்தானியா முழுவதும் கிளை பரப்பியிருந்த தோமஸ் லிப்டன். கோப்பியில் நொடித்தவர்களின் தோட்டங்கள் மலிவாகக் கிடந்த நேரம். அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உள்படச் சில தோட்டங்களை வாங்கிப் போட்டார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்று விளம்பரம் செய்தார். நடுவில் இருந்த தரகர்களைத் தள்ளிவிட்டேன் என்பது அதன் அர்த்தம். நடுவில் இருந்த தொழிலாளர்கள் விளம்பரப் படத்தில் கூடையோடு மட்டும் வந்தார்கள். அவர் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைக் கட்டடத்தை ஊன்றிப் பார்த்தால் அது காற்றுக்காகவே கட்டிய வீடு என்பது புரியும். இரும்புச் சட்டம், நெளிதகரம், மூன்று நான்கு மாடி, பக்கம் முழுக்க வரிசையாகச் சன்னல். மேல்மாடிகளில் சாக்குத் துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, அதன் மேல் கொழுந்தை மெல்லிசாகத் தூவி வாட்டுவார்கள். வெளியே நல்ல காற்றென்றால் சன்னலைத் திறந்துவிட்டால் போதும். மழைநாளென்றால் சன்னலைச் சாத்திவிட்டு, கீழே டிரையர் பக்கத்துச் சூட்டைப் பெரிய விசிறி வைத்து மேலே இழுப்பார்கள். இலவசக் காற்று ஒரு பக்கம், விலைக்கு வாங்கிய காற்று ஒரு பக்கம். எதை எப்போது திறப்பது என்பது டீமேக்கரின் வித்தை. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தூளாவது என்றால் மீதி மூன்றரைக் கிலோவும் தண்ணீர்தான். தேயிலைத் தொழிற்சாலை என்பது உண்மையில் தண்ணீரை வெளியேற்றும் இடம்.

அடுப்புக்கு விறகும் காற்றோடு சம்பந்தப்பட்ட கதைதான். ஊவாவில் கச்சான் கொழுந்தைக் கருக்கிவிடாமல் இருக்க அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவில்லியா மரத்தை வேலிபோல் நட்டார்கள். காலம் முடிந்ததும் அதை வெட்டி டிரையர் அடுப்பில் போட்டார்கள். வெளிக்காற்றைத் தடுத்த மரம் உள்காற்றைச் சூடாக்கியது.

இவ்வளவு இயந்திரமும் வந்து யாருடைய வேலையைக் குறைத்தது? உருட்டுவதையும் காய வைப்பதையும் சலிப்பதையும் இரும்பு எடுத்துக்கொண்டது. கொழுந்து எடுப்பதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டிரையர் எவ்வளவு வேகமாகக் காய வைக்கிறதோ அவ்வளவு வேகமாக மலையில் விரல்கள் ஓட வேண்டியிருந்தது. இயந்திரத்தின் வாய் பெரிசாகப் பெரிசாக, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கூடியது, தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவரக் கங்காணிமார் மேலும் மேலும் போனார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும், இரு பக்கமும் ரயிலும் வந்தபின் நடைபயணம் ஒழிந்தது. கடன் பதிந்த துண்டுச் சீட்டு மட்டும் கூடவே வந்தது.

டிரையரின் நெற்றியில் ஒரு வார்ப்புத் தகடு இருக்கும். யார் செய்தது, எந்த ஊர், எல்லாம் அதில் பொறித்திருக்கும். பெல்ஃபாஸ்டில் பிறந்த இரும்புக்கு இலங்கையில் இருக்க யாரும் பத்திரம் கேட்டதில்லை. அதற்குத் தீனி போட்டவர்களிடம் 1948இல் கேட்டார்கள். அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தது. பதுளையிலிருந்து போனவர்களில் பலர் நீலகிரியில் இறங்கினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி அதே கூடை, அதே டிரையர். வாசனை மட்டும் வேறு.

பெல்ஃபாஸ்டுக்குத் திரும்புவோம். டேவிட்சனின் ஆரம்பகால டிரையர்களில் விசிறி இல்லை. சூடான காற்று தானாகவே மேலே எழும், அந்த எழுச்சியே தட்டுகளுக்குள் புகுந்து போகும். வேகம் போதவில்லை. விசிறி வைத்தார், பழைய மாதிரி அகன்ற தகடு விசிறிகள் இடத்தை அடைத்தன, இரைந்தன, காற்றோ குறைவு. 1890களின் கடைசியில் அவர் கண்டுபிடித்தது வேறு வடிவம். ஒரு பீப்பாயின் விளிம்பைச் சுற்றி ஒல்லியான தகடுகள் நெருக்கமாக, சுழலும் திசைப்பக்கமே வளைந்தபடி. இப்படி வளைக்கக்கூடாது என்பதுதான் அன்றைய பாடம். ஆனால் சின்ன உருவத்தில் பெருங்காற்று கிடைத்தது.

இதன் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் சுரங்கக்காரர்களும் இருந்தார்கள். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் மனிதனைக் கொல்வதற்கு இரண்டு வழி: மேலே இருந்து பாறை, பக்கத்திலிருந்து வாயு. வாயுவை வெளியேற்ற ஓயாமல் காற்று ஓட வேண்டும். பழைய சின்னச் சுரங்கங்களில் இதற்கு என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டால் தேயிலைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு கிணறு வெட்டி, ஒன்றின் அடியில் நெருப்பு மூட்டுவார்கள், அல்லது நெருப்புக் கூடையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். சூடான காற்று மேலே எழ, மற்றக் கிணறு வழியாகப் புதுக்காற்று இறங்கும். டேவிட்சனின் முதல் டிரையரும் இதே தத்துவம்தான். உள்ளே காற்று எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்காக மரக்கதவுகள் இருக்கும். அவற்றைத் திறந்து மூடவென்றே இருட்டில் சிறுபிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள்; 1842இல் வந்த சட்டம் பத்து வயதுக்கு உட்பட்ட பையன்களையும் எல்லா வயதுப் பெண்களையும் நிலத்தடியிலிருந்து வெளியேற்றியது.

வாயு நிறைந்த இடத்தில் நெருப்பு மூட்டுவது எப்படிப்பட்ட யோசனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே விசிறி வந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த கீபால், லனெல்லி ஊரின் வாடல் என்று பல ரகம், எல்லாம் வீட்டளவு பெரிய சக்கரங்கள். அவற்றோடு போட்டிக்கு, தேயிலைத் தொழிற்சாலையில் பிறந்த சிராக்கோவும் சுரங்க வாசலில் வந்து நின்றது. ஆனால் விசிறி வாங்குவதும் அதைச் சரியாகப் பூட்டுவதும் வேறு வேறு. தேவைப்பட்டால் காற்றை எதிர்த்திசையில் திருப்பும் வசதி வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. செங்கனித் ஊரின் யுனிவர்சல் சுரங்கத்தில் அந்த வேலை முடியவில்லை. 1913 ஒக்டோபர் 14 காலையில் அங்கே வெடித்தது. 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். நிர்வாகிக்கு 24 பவுண்டு அபராதம், கம்பெனிக்குப் பத்து. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூடக் கூச்சப்பட்டிருப்பார்.

அந்த வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் கரி இலங்கைக்கும் வந்தது. சூயஸ் திறந்த பின் கப்பல்களுக்கு நடுவழியில் கரி வேண்டும். கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பு 1885இல் முடிந்ததும் துறைமுகம் கரிக்கிடங்காக மாறியது. கார்டிஃபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கரி வந்து குவிந்தது. கூடை கூடையாகக் கப்பலில் ஏற்றியவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் உண்டு. அதே கப்பல்கள் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயின. அந்தத் தேயிலை, ஆறிப்போன தேநீராகத் தகரப் புட்டியில் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கியது. ஊவாத் தொழிலாளியும் வேல்ஸ் தொழிலாளியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒருவர் தோண்டியது மற்றவர் பறித்ததைச் சுமந்தது.

பெல்ஃபாஸ்டில் இதற்குள் வேறு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். 1903இல் திறந்த ரோயல் விக்டோரியா மருத்துவமனைக்குள் சிராக்கோ விசிறிகள் வடிகட்டி ஈரப்படுத்திய காற்றை அனுப்பின. குளிரூட்டிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மருத்துவமனையில் ஒரு நிமிடம் நிற்காமல் போவதில்லை. ஆற்றங்கரையில் டைட்டானிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கொதிகலன் அறைகளுக்குக் காற்று ஊட்டியதும் சிராக்கோ ரக விசிறிகள்தாம். 1921இல் டேவிட்சனுக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அதே வருடம் இறந்தும் போனார்.

காப்புரிமை முடிந்ததும் வடிவம் எல்லோருக்கும் சொந்தமாயிற்று. பீப்பாய் விளிம்பில் ஒல்லித் தகடுகள் என்ற அந்த உருவம் இன்று காருக்குள் ஏசி காற்றை ஊதுவதில் இருக்கிறது, பெரிய கட்டடங்களின் குளிர்காற்றுக் குழாய்களில் இருக்கிறது. தாய்ப் பட்டறை 20ஆம் நூற்றாண்டைத் தாண்டவில்லை. கைமாறி, சுருங்கி, மூடிப் போனது. தோட்டங்களில் சாக்குத் துணி போய், அடியிலிருந்து விசிறி ஊதும் நீண்ட தொட்டிகள் வந்துவிட்டன. தட்டு ஊரும் டிரையருக்குப் பதில் தேயிலையைக் காற்றிலேயே மிதக்கவிட்டுக் காய வைக்கும் புது ரகமும் வந்திருக்கிறது. பழைய இயந்திரங்களைப் பார்க்க ஆசைப்படுவோருக்குக் கண்டிக்கு மேலே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடமே 1925இல் கட்டிய தொழிற்சாலை.

மழை, பனி, வெயில் எதுவானாலும் ஒரே மாதிரித் தேயிலை வேண்டும் என்பதற்காகத்தான் சூடான காற்றை இயந்திரத்துக்குள் அடைத்தார்கள். ஆனால் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலையின் விலை எழும்புவது கச்சான் அடிக்கும் மாதங்களில்தான். காற்றில் செடி வாடிக் கஷ்டப்படும்போது கொழுந்தில் மீதைல் சாலிசிலேட் என்ற பொருள் கூடுகிறது. தசைவலித் தைலத்தில் மணக்கும் அதே பொருள். குறைந்த அளவில் தேநீரில் சேரும்போது மெந்தோல் போன்ற ஒரு குளிர்ச்சியைக் கொடுக்கிறது. அந்த வாரங்களில் டீமேக்கர்மார் தூங்குவதில்லை. கொழுந்து குறைவு, ஒவ்வொரு கூடையும் பணம், டிரையரில் சூடு சற்றே கூடினாலும் மணம் புகைபோக்கி வழியே போய்விடும். இத்தனை இரும்பு வாங்கியும் கடைசியில் மணத்துக்குக் கூரைக்கு வெளியே அடிக்கிற காற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு.

அந்தப் பருவத்துத் தூளுக்கு ஜப்பானில் தனி மவுசு. டார்ஜிலிங், சீனத்தின் கீமன், ஊவா மூன்றையும் உலகின் முப்பெரும் கருந்தேயிலைகள் என்று அங்கே கடைத் தட்டில் சேர்த்தே அடுக்குவார்கள். அதே ஜப்பானில் சமையலறை அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி வாங்கப் போனால் கடைக்காரர் ‘ஷிரொக்கோ’ வேண்டுமா, சாதா வேண்டுமா என்று கேட்பார். மீன் வறுக்கும் புகையை அது இழுத்துக்கொண்டிருக்க, கீழே கேத்தலில் ஊவாத் தேயிலைக்குத் தண்ணீர் கொதிக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் அப்புத்தளையின் உயரம் அச்சிட்டிருக்கலாம். விசிறியின் பெட்டியில் கச்சார் என்ற ஊரைத் தேடினால் கிடைக்காது.